பனிக்கட்டியின்மேல் ஒரு பிடி மண்



கடந்த மே மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆலய வளாகத்து வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தேன். கத்திரி வெயில். நம் கோவில்பட்டியின் கரிசல் மண்ணில் அந்த வேளையில் வெறுங்காலோடு பத்தடி நடக்க முடியாது என்பதை நீங்கள் அறிவீர்கள். இராணுவத்தில் பணிபுரியும் நம் சபைத் தம்பி ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். கைப்பேசியை நீட்டி ஒரு படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் கல்லும் மண்ணுமாகக் குவிந்து கிடந்த ஒரு பள்ளத்தாக்கு.

"ஐயா, கங்கை பொறக்கிற எடத்துக்கு மேல இருக்கிற பனி இதுதான்னு சொன்னாங்க. வெள்ளை வெளேர்னு இருக்கும்னு ஆசையா ஏறிப் போனேன். பாத்தா நம்ம ஊரு கல்குவாரி மாதிரி கெடக்கு" என்றார்.

"பனி எங்கே தம்பி?" என்று கேட்டேன்.

"இந்தக் கல்லுக்கு அடியில இருக்குதுங்கய்யா."

அந்தப் பதில் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். முதலில் அந்தக் கல்லையும் அதன் அடியிலுள்ள பனியையும்பற்றி நான் வாசித்து அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். பனியையே காணாத சீமையில் வாழும் நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

அந்தத் தம்பி பார்த்தது உத்தரகாண்ட் மாநிலத்தின் கங்கோத்ரி பனியாறு. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதன் கீழ்முனையாகிய கோமுகத்திலிருந்துதான் பாகீரதி ஆறு புறப்படுகிறது. இருபுறமும் செங்குத்தாக நிற்கும் மலைச்சுவர்களிலிருந்து பாறைகள் உடைந்து விழுகின்றன. பனிச்சரிவுகளும் கற்களை வாரிக்கொண்டு வருகின்றன. பனியாறு மெல்ல நகர்ந்து அவற்றைச் சுமந்து இறங்குகிறது. கீழே வரவரப் பனி உருகுகிறது, கல்லோ உருகுவதில்லை. ஆகவே கீழ்ப்பகுதி முழுவதும் கற்போர்வை படிந்துவிடுகிறது. இமயமலையின் பல பனியாறுகளுக்கு இப்படிப்பட்ட போர்வை உண்டு.

இந்தப் போர்வை பனியைக் காக்கிறதா, உருக்குகிறதா? இரண்டையும் செய்கிறது என்பதே அறிவியலார் கண்ட விடை. எதைச் செய்யும் என்பதை அதன் கனம் தீர்மானிக்கிறது.

குன்னார் ஓஸ்ட்ரெம் என்னும் ஆய்வாளர், சுவீடன் நாட்டுப் பனியாறு ஒன்றில் இதை அளந்து பார்த்து 1959ஆம் ஆண்டில் எழுதினார். பனியின்மேல் மிக மெல்லிய படலமாகத் தூசியோ மண்ணோ படிந்தால், மூடப்படாத பனியைவிட அது விரைவாக உருகுகிறது. புதிதாய்ப் பெய்த வெண்பனி, தன்மேல் விழும் சூரிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கருநிற மண் அந்த ஒளியை விழுங்கிச் சூடாகும். படலம் மெல்லியதாயிருப்பதால், விழுங்கிய சூடு அப்படியே அடியிலுள்ள பனிக்கு இறங்கிவிடும். ஆனால் அந்தப் படலம் சில சென்டிமீட்டர் கனத்தைக் கடந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. மேற்பரப்பு சூடானாலும், சூடு அடிவரை சென்று சேருமுன் பொழுது சாய்ந்துவிடுகிறது; இரவின் குளிர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. போர்வை கனக்கக் கனக்க உருகுதல் குறைகிறது.

நம் நாட்டிலும் கேதார்நாத்துக்கு மேலேயுள்ள சோராபாரி பனியாற்றில், டேராடூன் நகரத்து வாடியா இமாலய நிலவியல் நிறுவனத்தார் பனியில் கழிகளை நட்டு, ஆண்டுதோறும் அளந்து, கற்போர்வை உருகுதலை எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

பனியாற்றின்மேல் நடப்பவர்கள் இதைக் கண்ணாலேயே காணலாம். ஒரு சிறு கூழாங்கல் பனியில் கிடந்தால், அது முழுவதும் சூடேறித் தன் அடியிலுள்ள பனியைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். பெரிய பாறை ஒன்று கிடந்தாலோ, அதன் நிழலில் இருக்கும் பனி உருகாமல் நிற்கும். சுற்றிலுமுள்ள பனி தாழ்ந்துபோக, அந்தப் பாறை ஒரு பனித்தூணின்மேல் மேசையைப்போல உயர்ந்து தோன்றும். ஒரே மலையின் கல், ஒரே வெயில். ஒன்று பனியைத் துளைக்கிறது. மற்றொன்று பனியைத் தாங்கிப் பிடிக்கிறது.

இது நமக்குப் புதிய செய்தியும் அல்ல. சிறுவயதில், எங்கள் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சர்பத் கலக்க ஐஸ் கம்பெனியிலிருந்து பனிக்கட்டி வாங்கி வந்தோம். என் தகப்பனார் மரத்தூளை அள்ளி அள்ளி அதன்மேல் போட்டு, ஈரச் சாக்கை இரண்டாக மடித்து மூடினார். நான் ஒரு பிடி தூளைத் தூவிவிட்டு நின்றேன். "இம்புட்டுப் போட்டா பத்தாதுடா, கட்டி தெரியாம மூடு" என்று அதட்டினார். இதே மரத்தூளைத்தான் அமெரிக்க வணிகரான பிரெடெரிக் டியூடரும் நம்பினார். 1833ஆம் ஆண்டில் அவருடைய கப்பல் பாஸ்டன் நகரிலிருந்து ஏறக்குறைய 180 டன் பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு, நான்கு மாதங்கள் கடலில் பயணித்துக் கல்கத்தாவை அடைந்தபோது 100 டன் அளவுக்கு உருகாமல் மிஞ்சியிருந்ததாம். சென்னைக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ், அப்படி வந்த பனிக்கட்டியைச் சேமிக்க அவருடைய நிறுவனம் 1842இல் கட்டியதே.

நம் சம்சாரிகளும் இதை அறிவார்கள். மழை ஓய்ந்தபின், பயிர் வரிசைகளுக்கு இடையே களை கொத்தி, கரிசலின் மேல்மண்ணைப் புழுதியாக்கி விடுகிறார்கள். அந்தப் புழுதி வெயிலில் கொதிக்கும். ஆனால் ஒரு சாண் தோண்டினால் ஈரம் குளிர்ந்து கிடக்கும். உள்ளே இருக்கும் ஈரத்தைக் காக்க மேலே கனமாக ஒரு மூடல் வேண்டும். அந்த ஈரத்தை நம்பித்தான் பருத்தியும் உளுந்தும் நிற்கின்றன.

பிரியமானவர்களே, இப்பொழுது அந்த இரவில் எனக்குத் தூக்கம் வராமற்போன காரணத்தைச் சொல்லுகிறேன்.

அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பு, நம் சபைக் குடும்பம் ஒன்றில் பத்தொன்பது வயது மகன் நான்குவழிச் சாலையில் நடந்த விபத்தில் மரித்துப்போனான். அவர்களுக்கு ஒரே பிள்ளை. அடக்க ஆராதனை முடிந்த மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குச் சென்றேன். அன்று எனக்கு வேறு இரண்டு வீடுகளில் ஜெபக்கூட்டம் இருந்தது. பத்து நிமிடம் அமர்ந்திருப்பேன். தேவசித்தம் நமக்குப் புரியாது என்றேன். கர்த்தர் தமக்குப் பிரியமான மலரைப் பறித்துக்கொண்டார் என்றேன். ஒரு சிறு ஜெபம் செய்தேன். எழுந்து வந்துவிட்டேன். அந்தத் தாய் தலையை மட்டும் அசைத்தார்கள். ஆறுதல் அடைந்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

அதன்பின் அந்த அம்மா ஆலயத்துக்கு வரவில்லை. தகப்பன் மாத்திரம் வந்தார். மகனை அடக்கம் செய்த நாலாம் நாளே காட்டுக்கு வேலைக்குப் போனவர் அவர். ஒரு சொட்டுக் கண்ணீரை யாரும் பார்க்கவில்லை. "என்ன திடமான விசுவாசம்!" என்று சபையார் பேசிக்கொண்டார்கள். நானும் ஒரு பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், அவரை உதாரணமாகக் காட்டினேன். தாய் வராததைப்பற்றி எனக்குள் உறுத்தல் எழும்போதெல்லாம், காலம் ஆற்றும் என்று சொல்லி அதையும் மூடிவைத்தேன்.

பனியின் படத்தைப் பார்த்த மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். எதுவும் பேசுவதில்லை என்று தீர்மானித்துப் போனேன். வாசல் திண்ணையில், பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் புளியங்கொட்டையை நீக்கிக்கொண்டிருந்தார். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. வேதாகமத்தை வாசித்தவரும் அல்ல. அந்தப் பிள்ளை இறந்த நாளிலிருந்து நாள்தோறும் மத்தியானத்தில் தம் கைவேலையை எடுத்துக்கொண்டு அங்கே வந்துவிடுவாராம். ஒன்றும் பேசமாட்டாராம். அந்த அம்மா அழுதால் பார்த்துக்கொண்டிருப்பாராம்; சாப்பிடாவிட்டால் தம் வீட்டுக் கம்மங்கூழைக் கொண்டுவந்து வைப்பாராம். ஏழு மாதங்களாக இப்படியே.

ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். அந்த அம்மா என்னைப் பாராமல் சொன்னார்கள்:

"ஐயா, அன்னைக்கு நீங்க சொல்லிட்டுப் போன வார்த்தையத்தான் ராத்திரி பூரா நெனைச்சுக்கிட்டுக் கெடப்பேன். பூவைப் பறிச்சுக்கிட்டாருன்னு சொன்னீங்களே. அவரு தோட்டத்துல இல்லாத பூவா ஐயா? எனக்கு இருந்தது ஒண்ணுதானே?"

நான் வாய் திறக்கவில்லை. சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆறுதல் என்று நான் தூவிவிட்டு வந்தது ஒரு பிடி மண்தான் என்பது அப்பொழுது விளங்கிற்று. அவர்களுடைய துக்கத்தை வெயிலிலிருந்து மறைக்க அது போதவில்லை. துக்கத்தை இன்னும் சூடேற்றி, ஏழு மாதங்களாக உள்ளே துளைத்துக்கொண்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் திரும்பியிருந்தால்கூட இத்தனை தீங்கு நேர்ந்திராது. மூடப்படாத பனியைவிட மெல்லிய படலம் மூடிய பனியே விரைவாக உருகுகிறது என்று வாசித்தேன் அல்லவா? அந்த வரியை என் ஊழியத்தின்மேல் எழுதப்பட்டதாகவே வாசித்தேன்.

வேதத்தில் யோபுவின் சிநேகிதரை நினைத்துப்பாருங்கள். அவர்கள் முதலில் செய்தது மிக நல்ல காரியம். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அது கனத்த போர்வை. பின்பு பேசத் தொடங்கினார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். அப்பொழுது யோபு அவர்களை எதற்கு ஒப்பிட்டான் தெரியுமா? உறைபனியால் இருண்டு, தனக்குள் பனியை மறைத்துவைத்திருக்கும் காட்டாற்றுக்கு ஒப்பிட்டான். குளிர்காலத்தில் அது நிறைந்து ஓடுகிறது. உஷ்ணம் வந்ததும் இருந்த இடம் தெரியாமல் வற்றிப்போகிறது. தாகத்தோடு அதைத் தேடிவந்த தேமாவின் பயணக் கூட்டத்தார் வெட்கப்பட்டுத் திரும்புகிறார்கள் (யோபு 6:15-20). ஐப்பசியில் புரண்டோடி, தை மாதத்தில் மணலாகிவிடும் ஓடைகளைக் கண்ட நமக்கு இந்த ஒப்புமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தாய்க்கு நான் அப்படிப்பட்ட ஓடையாயிருந்தேன்.

அப்போஸ்தலனாகிய பேதுரு, அன்பு திரளான பாவங்களை மூடும் என்று போதிக்கிறார் (1 பேதுரு 4:8). அவர் அங்கே பேசுவது பாவங்களைப்பற்றி, துக்கத்தைப்பற்றி அல்ல. ஆயினும் அந்த அன்புக்கு அவர் இடும் அடைமொழியை மூலமொழியில் பார்த்தால், நீட்டி விரிக்கப்பட்டது என்னும் பொருள் அதற்கு உண்டு. மூடுகிற அன்பு விரிவும் நீளமும் உடையதாயிருக்க வேண்டும். அதற்கு நாட்கள் ஆகும். புளியங்கொட்டை நீக்கிய அந்தப் பாட்டி எனக்கு இதைச் செய்து காட்டினார்.

இங்கேயே முடித்துவிட்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். கற்போர்வையைப்பற்றி இன்னும் ஒரு காரியம் இருக்கிறது.

2011ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, கனத்த கற்போர்வை கொண்டு அசைவற்றுக் கிடக்கும் இமயமலைப் பனியாறுகள் பலவற்றின் முனை பின்வாங்காமல் நிலையாக நிற்பதைக் காட்டியது. பார்ப்பவர்கள் அவை பிழைத்துவிட்டன என்றே எண்ணுவார்கள். ஆனால் 2012ஆம் ஆண்டில், செயற்கைக்கோளிலிருந்து உயரத்தை அளந்து செய்த மற்றோர் ஆய்வு, கற்போர்வை உடையவையும் இல்லாதவையும் ஏறக்குறைய ஒரே அளவில் மெலிந்துவருவதைக் கண்டது. முனை நின்ற இடத்திலேயே நிற்கிறது, உடலோ தேய்கிறது. போர்வையில் ஆங்காங்கே வெடிப்புகள் திறந்து பனிச்சுவர்கள் வெளிப்படுகின்றன. பள்ளங்களில் நீர் தேங்கிக் குட்டைகளாகிறது. அந்த இடங்களில் உருகுதல் கடுமையாய் நடக்கிறது. மேலிருந்து புதுப்பனி போதுமான அளவு வந்து சேராததும் மெலிவுக்கு ஒரு காரணம் என்கிறார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு அந்தத் தகப்பனின் முகம் நினைவுக்கு வந்தது. நாம் எல்லாரும் திடம் என்று புகழ்ந்தோமே, அது நகராத முனை. அவருடைய மௌனம் கனமானதுதான். பகலின் வெயிலை அது தடுத்தது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று நாம் ஒருவரும் கழி நட்டு அளக்கவில்லை. என் இரண்டாம் வருகைக்குப் பிறகு சில வாரங்கள் சென்று, ஒரு மாலையில் அவருடைய காட்டின் வரப்பில் அவரோடு அமர்ந்திருந்தேன். விதைப்புக்கு உழுது போட்டிருந்தார். நெடுநேரம் மழையைப்பற்றிப் பேசினார். பிறகு, "ஐயா, அவன் இருந்தா டிராக்டர் ஓட்டியிருப்பான்" என்றார். அவ்வளவுதான். அதன்பின் இருட்டும் மட்டும் அழுதார். நான் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரை உதாரணமாகக் காட்டிப் பிரசங்கித்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லங்கய்யா" என்றார். எனக்கு அது பரவாயில்லை என்று தோன்றவில்லை.

தேவபிள்ளைகளே, எந்தப் போர்வையும் பனியாற்றை வாழவைப்பதில்லை. போர்வை உருகுதலைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. பனியாறு உயிரோடிருப்பது, உயரத்தில், யாரும் பாராத இடத்தில் பெய்யும் புதுப்பனியால். வானத்திலிருந்து மாரியும் பனியும் இறங்குவதைத் தம்முடைய வார்த்தைக்கு ஒப்பிட்டுக் கர்த்தர் ஏசாயாவின்மூலம் பேசினார் (ஏசாயா 55:10, 11). அந்தப் பனியை நானோ நீங்களோ பெய்யவைக்க முடியாது. அது பெய்யும்வரை ஒரு உள்ளம் முற்றிலும் கரைந்துபோகாதபடி நிழலாயிருப்பதே நமக்குக் கொடுக்கப்பட்ட வேலை. நான் தேவனுடைய வேலையைப் பத்து நிமிடத்தில் செய்து முடிக்கப் பார்த்தேன். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலையையோ விட்டுவிட்டேன்.

இந்த வாரம் உங்கள் தெருவில் துக்கமுள்ள வீடு ஒன்று இருக்கும். அங்கே போகுமுன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: எனக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? நாளையும் வருவேனா? அடுத்த மாதம் வருவேனா? நேரம் இல்லாவிட்டால், விளக்கம் சொல்ல வேண்டாம். கையைப் பிடித்துவிட்டு வந்துவிடுங்கள். நேரம் இருந்தால், கைவேலை ஏதாவது எடுத்துக்கொண்டு போங்கள். அழாதவர்களையும் மறந்துவிடாதேயுங்கள். ஒருவேளை துக்கத்தில் இருப்பவர் நீங்களேயானால், யாரோ தூவிவிட்டுப்போன வார்த்தை இன்னும் உங்களைச் சுடுமானால், அது தேவனுடைய வார்த்தை என்று எண்ணிவிடாதேயுங்கள். அது என்னைப்போன்ற ஒருவன் அவசரத்தில் சொன்னது.

அந்த அம்மா இன்னும் ஆலயத்துக்கு வரவில்லை. நான் அழைக்கவும் இல்லை. வியாழக்கிழமைதோறும் மத்தியானத்தில் நான் அந்தத் திண்ணைக்குப் போகிறேன். போன வாரம் பாட்டி தம் முறத்தை நகர்த்தி, எனக்கும் கொஞ்சம் புளியை எடுத்துவைத்தார்.

ஜெபிப்போம்.

எங்கள் துக்கங்களை அறிந்திருக்கிற ஆண்டவரே, அவசர வார்த்தைகளால் நாங்கள் சுட்டுவிட்ட உள்ளங்களுக்காக எங்களை மன்னியும். பேசாமல் உட்கார்ந்திருக்கும் கிருபையை எங்களுக்குத் தாரும். அழுகிறவர்களுக்கு நிழலாகவும், அழாதவர்களுக்குத் துணையாகவும் எங்களை வைத்தருளும். நாங்கள் எட்டக்கூடாத உயரத்திலிருந்து உம்முடைய புதிய இரக்கத்தைப் பெய்யப்பண்ணும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.